பேரேடும் நிரலும்



சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். அவளுடைய தந்தை லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். வயது நாற்பத்திரண்டு. வேலை போய்விட்டது. கணினிக்கு நிரல் எழுதக் கற்கப் போவதாகச் சொல்லிப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாராம். "வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள், ஐயா. இந்த வயதில் இது கூடுமா?" என்று கேட்டாள்.

அவள் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பதினாறு ஆண்டுகள் பேரேடு எழுதிய கை என்னுடையது. கோவைக்கு அருகில் ஒரு பஞ்சாலையில் கணக்கராக இருந்தேன். 2012-ஆம் ஆண்டில் அந்த ஆலை மூடப்பட்டது. அப்பொழுது எனக்கு வயது முப்பத்தெட்டு. மூத்த மகள் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வேறு ஆலைகளில் வேலை கேட்டேன். பத்துப் பேர் செய்த கணக்கைக் கணினி செய்துவிடுகிறது, புதிதாக ஆள் வேண்டியதில்லை என்றார்கள். என் சோற்றைப் பறித்தது எதுவோ, அதனிடமே சென்று பிழைப்புக் கேட்பது என்று துணிந்தேன். துணிவு என்று இப்போது பெருமையாகச் சொல்கிறேன்; அன்று வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலை எனக்கு முன்னரே பலருக்கு நேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் ஒரு காலத்தில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்கிடும் வேலையில் அமர்ந்திருந்த மனிதரையே குறித்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் டாரதி வான் என்றோர் அம்மையார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தார். 1943-இல், போர்க்காலத்தில், லாங்லி வானூர்தி ஆராய்ச்சிக் கூடத்தில் இத்தகைய 'கம்ப்யூட்ட'ராகச் சேர்ந்தார். அங்கே கறுப்பினப் பெண்கள் தனிப் பிரிவாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1949-இல் அப்பிரிவுக்கு அவரே தலைவரானார். 1958-இல் அந்நிறுவனம் நாசாவாக மாறியது. தனிப் பிரிவும் கலைந்தது. மின்னணுக் கணினிகள் வந்துகொண்டிருந்தன. மனிதர் நாள் முழுதும் இருந்து போட்ட கணக்கை அவை நொடிகளில் போட்டன. அம்மையாருக்கு அப்பொழுது ஐம்பதை எட்டும் வயது. அவ்வயதில் ஃபோர்ட்ரான் என்னும் நிரல் மொழியில் தேர்ச்சி பெற்றார். உடன் பணியாற்றியவர்களுக்கும் கற்பித்தார். 1971-இல் ஓய்வு பெறும் வரையில் அத்துறையிலேயே இருந்தார். ஆசிரியைத் தொழில், கைக்கணக்கு, நிரல் என ஒரே வாழ்வில் மூன்று தொழில்கள்!

இனி என் கதைக்கு வருகிறேன். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் வரிசை. சமையலுக்குக் குறிப்பு எழுதுவது போன்றது என்பார்கள். எனக்கு அந்த உவமை நிறைவளிப்பதில்லை. "உப்பு வேண்டிய அளவு" என்று எழுதினால் மனிதர் சமைத்துவிடுவார்; கணினி அங்கேயே நின்றுவிடும். எண்ணியதைக் கூறாமல் எழுதியதை மட்டுமே செய்யும் வேலையாளிடம் பேசிப் பழகுவதே இத்தொழிலின் முதற்பாடம். அதைக் கற்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. வகுப்பில் உடன் இருந்தவர்கள் பத்தொன்பது இருபது வயதினர். அவர்கள் ஒரு மணியில் முடிப்பதை நான் இரவெல்லாம் செய்தேன். மனைவியின் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. விட்டுவிடலாமா என்று பலமுறை எண்ணினேன்.

ஒருநாள் பற்றும் வரவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்று எழுதச் சொன்னார்கள். பற்றுப் பக்கம் பத்துப் பைசா வீதம் பத்துப் பதிவுகள். வரவுப் பக்கம் ஒரு ரூபாய். இரண்டும் சமமென்பது குழந்தைக்கும் தெரியும். கணினியோ சமமில்லை என்றது! பத்து முறை 0.1 கூட்டியதில் அதற்கு வந்த விடை 0.9999999999999999. ஆசிரியர் இருபத்து நான்கு வயது இளைஞர். "மிகச் சிறிய வேறுபாடு, அண்ணா, விட்டுவிடுங்கள்" என்றார். விட மனம் வரவில்லை. ஒரு பைசா இடித்ததற்காக இரவு பதினொரு மணி வரை ஆலையில் ஏடு புரட்டியவன் நான். இருப்பதை 'ஏறக்குறைய' என்று எழுதிய பேரேட்டை எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்?

காரணம் பின்னர் விளங்கியது. நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம். கணினி இரண்டிரண்டாக எண்ணுகிறது. மூன்றில் ஒன்றை நம் முறையில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே கணினியின் முறையில் பத்தில் ஒன்று முடிவின்றி நீளும். எங்கேனும் ஓரிடத்தில் அதை வெட்டித்தான் வைக்கவேண்டும். வெட்டிய துணுக்குகள் சேர்ந்து விடையைக் கெடுக்கின்றன. ஆனால் அரை, கால், அரைக்கால், வீசம் ஆகிய நம் முன்னோரின் பின்னங்கள் இருக்கின்றனவே, அவை இரண்டால் வகுத்து வகுத்து வருபவை. கணினியில் சிறிதும் பிசகாமல் அடங்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கே இருந்திருந்தால், அணா அளவில் இந்த இடர் எழுந்திராது. 1957-இல் நாம் நூறு பைசாக் கணக்குக்கு மாறினோம். மாற்றம் நல்லதுதான், கணினிக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

மருந்து எளிது. ரூபாயைப் பின்னமாக வைக்காமல், எல்லாத் தொகையையும் பைசாவாக்கி முழு எண்ணாகவே கூட்டவேண்டும். அப்படி மாற்றி எழுதினேன். பற்று நூறு, வரவு நூறு, வேறுபாடு சுழி! இளைஞர் என் இருக்கைக்கு வந்து, "இது உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். பேரேடு சொல்லிக் கொடுத்தது என்றேன். அன்றிரவுதான் விட்டுவிடும் எண்ணம் என்னை விட்டது. ஆலைகளுக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதும் வேலை, முதல்நாள் தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் கழித்துக் கிடைத்தது. தொடக்கத்தில் பழைய சம்பளத்தில் பாதிதான். ஆகையால் மூன்று மாதத்தில் வேலை உறுதி என்னும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

மாணவி இன்னொன்றும் கேட்டாள். 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் நிரலையும் இயந்திரமே எழுதித் தருகிறதே, தந்தை கற்று என்ன பயன் என்றாள். தொடக்கநிலை வேலை கிடைப்பது அவருக்கு என் காலத்தினும் கடினமாக இருக்கலாம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. நானும் அக்கருவியைப் பயன்படுத்துகிறேன். விரைவாக எழுதுகிறது. சிலவேளை ரூபாயைப் பின்னமாகவே வைத்து எழுதியும் விடுகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பைசா இடித்து நொந்தவன் ஒருவன் வேண்டும். லாரி வாடகை எதற்கெல்லாம் கூடும், எங்கே குறையும், காத்திருப்புக் கூலி எப்பொழுது சேரும் என்பதை அவள் தந்தை அறிவார். புத்தகத்தில் இல்லாத பாடம் அது. அவர் பக்கத்தில் நாள்தோறும் அரைமணி உட்கார். தவறு செய்தால் உடனே திருத்தாதே என்று கூறி அனுப்பினேன்.

சென்ற வாரம் மீண்டும் வந்தாள். தந்தை எழுதிய முதல் நிரலைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். தூரமும் எடையும் கொடுத்தால் வாடகை சொல்லும் இருபது வரிகள். படித்துப் பார்த்தேன். பதினான்காம் வரியில் ஒரு பிழை இருந்தது. எந்த வரி என்று சொல்லாமல், ஒரு பிழை உண்டு என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.