நெற்றி வியர்த்ததும் ஏன் நிறுத்தச் சொல்கிறது ஆயுர்வேதம்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கொடும்பாளூர் மூவர் கோயிலைக் காலையில் சுற்றி நடந்திருக்கிறீர்களா? இருக்குவேளிர் குலத் தலைவன் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூன்று விமானங்களில் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். அதையும் சேர்த்து நாலைந்து சுற்று வந்தால் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை அரும்பும்.

போதும், நிறுத்துங்கள். வலிமையில் பாதியளவே உடற்பயிற்சி என்கிறது வாக்படரின் ஆயுர்வேத நூலான 'அஷ்டாங்க ஹிருதயம்'. நெற்றியும் மூக்கும் அக்குளும் வியர்ப்பது, வாய் உலர்வது ஆகியவையே அந்தப் பாதிக்கு அடையாளம்.

ஏன் பாதி? விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அளவாக விறகு வைத்தால் நின்று எரியும். திணித்தால் காற்று போதாமல் புகையும்.

தசையும் அப்படித்தான். நிதானமாக நடக்கும்போதும் ஆசனம் செய்யும்போதும் மூச்சில் வரும் ஆக்சிஜனே போதும். கொழுப்பும் சர்க்கரையும் சீராக எரியும். வேகம் கூடினால் ஆக்சிஜன் எட்டாது. தசை சர்க்கரையை அவசரமாகக் குறுக்குவழியில் செலவழிக்கும். உடனே மூச்சிரைப்பு, களைப்பு.

வாய் ஏன் உலர்கிறது? மூக்கு போதாமல் வாயால் மூச்சு வாங்குகிறோம். ஈரம் காற்றோடு போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அந்தப் பாதிகூடக் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும்தான். மற்றப் பருவங்களில் இன்னும் குறைவு. புதுக்கோட்டையின் கோடை வெயிலில் நாலாவது சுற்றுக்கு முன்பே வியர்த்துவிடுமே!