ஸ்காட்லாந்துக் குடியொப்பமும் மக்கள் பிரிந்த வகையும்

தனிநாடு வேண்டுமா, வேண்டாவா எனக் குடிமக்களையே நேரிற் கேட்டு முடிவு செய்தல் குடியொப்பம் எனப்படும். விடை ஒரு சொல்லே. ஆயினும் அவ்வொரு சொல்லின் பின்னே எத்துணை வேறுபட்ட எண்ணங்கள் நிற்கின்றன என்பதற்கு, 2014 செப்டம்பர் 18 ஆம் நாள் ஸ்காட்லாந்தில் நிகழ்ந்த குடியொப்பம் தக்க சான்றாகும்.

ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 1707 இல் ஒரே நாடாளுமன்றத்தின்கீழ் இணைந்தன. இணைந்த பின்னரும் ஸ்காட்லாந்து தன் சட்டமுறையையும் திருச்சபையையும் விட்டுவிடவில்லை. அதன் கல்விமுறையும் தனித்தே வளர்ந்தது. ஆகவே, ஸ்காட்லாந்தியர் என்னும் உணர்வு பிரிவினை வேண்டியோர்க்கு மட்டுமே உரியதன்று. வேண்டாதாருள்ளும் மிகப் பலர் அவ்வுணர்வு உடையவரே. ஒரு சாராரை நாட்டுப்பற்றுடையவர் என்றும், மறுசாராரை அஃது இல்லாதவர் என்றும் பிரிப்பது பிழையாகும்.

வாக்குரிமை பிறப்பால் அன்றிக் குடியிருப்பால் அமைந்தது. ஸ்காட்லாந்திற் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர்க்கு வாக்கில்லை. ஸ்காட்லாந்தில் முறையாகக் குடியிருந்த மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கோ, காமன்வெல்த் நாட்டினர் என்ற முறையில், வாக்கு உண்டு. 16, 17 வயதினரும் வாக்களித்தனர்.

வினாவை அமைத்த முறையும் ஆசிரியர் கருதத்தக்கது. ஸ்காட்லாந்து அரசு முதலில் வகுத்த வினா, தனிநாடாதற்கு 'உடன்படுகிறீர்களா' என்று கேட்டது. அச்சொல்லே 'ஆம்' என்னும் விடையை நோக்கி ஈர்க்கும் எனத் தேர்தல் ஆணையம் 2013 இல் எடுத்துரைக்க, 'ஸ்காட்லாந்து தனிநாடாக இருத்தல் வேண்டுமா?' என அது திருத்தப்பட்டது. வகுப்பில் "விளங்கிற்றல்லவா?" என்று கேட்டால், விளங்காத மாணவனும் தலையசைப்பான் என்பதை ஆசிரியர் நன்கறிவர்.

மக்களைப் பிரித்தவற்றுள் முதன்மையானது வாழ்க்கைப் பாதுகாப்பு. தனிநாடாயின் பவுண்டு நாணயத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ள இயலாது என 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பார்ன் அறிவித்தார். ஓய்வூதியம் என்னாகும், வடகடல் எண்ணெய் வருவாய் எத்துணைக் காலம் நிலைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் கிடைக்குமா என்னும் ஐயங்களும் எழுந்தன. முதியோருட் பெரும்பாலோர் வேண்டா என்றனர். வறுமை மிக்க பகுதிகளையுடைய கிளாஸ்கோ, டண்டி நகரங்கள் வேண்டும் என்றன. வளம் மிக்க எடின்பரோ வேண்டா என்றது.

வாக்களிப்புக்குப் பதினொரு நாள் முன்னர் வெளிவந்த கருத்துக் கணிப்பொன்று, முடிவு செய்யாதாரை நீக்கி, வேண்டுவோர் 51 விழுக்காடு எனக் காட்டிற்று. முடிவோ வேறாயிற்று. வாக்காளருள் 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். வேண்டா என்றோர் 55.3 விழுக்காடு, வேண்டும் என்றோர் 44.7 விழுக்காடு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைத்திருக்கவே வேண்டா என்றவரும் சிலர் இருந்தனர். 2016 இல் பிரிட்டன் அவ்வொன்றியத்தை விட்டு விலக முடிவு செய்தபோது, ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் விலகலை எதிர்த்தும், அவர்தம் காரணம் அற்றுப்போயிற்று. வாக்கு எண்ணிக்கை ஒரு நாளில் முடிந்துவிடும்; வாக்கின் காரணங்களோ அதன் பின்னும் மாறிக்கொண்டேயிருக்கும். பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டும் என்றும், இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டா என்றும் கூறிய நாட்டில், இருசாராரும் மறுநாளும் அண்டை வீட்டாரே. ஒருவர் காரணத்தை மற்றவர் கேட்டறிதலே அங்கு முதற்கடமையாயிற்று.