தீயைத் தேடும் சிகரம்

உயரங்களின் கதை – 17

சென்ற வாரம் கோட்டை மலைகளின் காவல் மேடுகளைப் பார்த்தோம். அங்கே நின்றவர்களின் கண் எதிரிப் படையைத் தேடியது. இந்த வாரம் நாம் போகும் அமெரிக்கச் சிகரத்தில், நூறாண்டுக்கும் மேலாகக் காவலர்கள் தேடுவது புகையை.

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குத் தெற்கே பைக் தேசிய வனத்துக்குள் இருக்கிறது டெவில்ஸ் ஹெட். 9,748 அடி உயரம். ராம்பார்ட் மலைத்தொடரில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் மூண்ட பெருந்தீ, இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காட்டைத் தின்று தீர்த்தது. சிறு புகையாக இருக்கும்போதே தீயைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதை அமெரிக்க வனத்துறை அப்போது உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றது. மலையுச்சிகளில் காவல் கூண்டுகள் எழுந்தன. டெவில்ஸ் ஹெட்டில் 1912-லேயே காவல் தொடங்கிவிட்டது. 1919-ல் ஹெலன் டௌ என்ற பெண் இங்கே பணியேற்றார். பெண்கள் இந்த வேலைக்கு வருவது அரிதாக இருந்த காலம் அது.

அடிவாரத்திலிருந்து ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவான பாதை. பைன், ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஏறத்தாழ 940 அடி மேலே கொண்டுபோகிறது. கடைசியில் பாறையை ஒட்டி 143 படிகள். அவற்றின் முடிவில், 1951-ல் கட்டப்பட்ட கண்ணாடிச் சுவர் அறை. நடுவில் ஆஸ்போர்ன் தீகாட்டி. வட்ட மேசைமேல் வரைபடம், அதைச் சுற்றிப் பாகைகள் குறித்த வளையம், எதிரெதிரே இரண்டு குறிகாட்டிகள். ஒன்றில் மெல்லிய பிளவு, மற்றொன்றில் செங்குத்தாகக் கட்டிய குதிரைமுடி. பிளவு வழியே பார்த்து, அந்த முடி புகையின் அடியில் விழும்வரை குறிகாட்டிகளைச் சுழற்றினால் திசை கிடைத்துவிடும். தூரம் தெரிய வேண்டுமானால் இன்னொரு கோபுரத்திலிருந்தும் அதே புகைக்கு ஒரு கோடு வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ. ஆனால் இந்த வட்டாரத்தில் முதலில் இருந்த ஏழு கோபுரங்களில் இன்றும் பணியில் இருப்பது இது ஒன்றுதான். ஆகவே எந்த முகடு முன்னால், எந்தப் பள்ளத்தாக்கு பின்னால் என்று காவலர் மலையை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். தூசி எது, மழைக்குப் பின் எழும் ஆவி எது, புகை எது என்று பிரித்தறியும் கண் அப்படிப் பழகிப் பழகி வருவது.

இதே மலையின் பக்கவாட்டுப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுகிறார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான இளஞ்சிவப்புக் கருங்கல் அது, மேற்பரப்பு சொரசொரப்பானது. பல இடங்களில் கைக்குப் பிடி அகப்படாது. குதிகாலைத் தாழ்த்தி, உடல் எடையைப் பாதத்தில் இறக்கி, ரப்பர் அடிப்பாகத்தின் உராய்வை நம்பி ஏற வேண்டும். கீழே நிற்கும் துணைவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி, மேலே இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் கவனிக்கிறார். கூண்டில் மேலிருப்பவர் கீழே உள்ளோரைக் காக்கிறார். பாறையில் கீழிருப்பவர் மேலே உள்ளவரைக் காக்கிறார். இரண்டுக்கும் வேண்டியது சலிக்காத கவனம். கோடையில் பிற்பகலானால் இடிமின்னல் திரளும் என்பதால் இருசாராரும் வானத்தையும் கவனித்தாக வேண்டும். மின்னல் நேரத்தில் காவலர்கள் ஏறி நிற்பதற்கென்றே கண்ணாடிக் குமிழ்க் கால்கள் வைத்த முக்காலி உண்டு.

2002 ஜூனில் இந்த மலைக்கு மேற்கே மனிதக் கையால் மூண்ட ஹேமன் தீ, 1,38,000 ஏக்கரை எரித்தது. மரமும் புல்லும் போன சரிவுகளில் மழை மண்ணை அரித்தது; டென்வருக்குக் குடிநீர் தரும் ஆற்றிலும் நீர்த்தேக்கங்களிலும் சேறு வந்து சேர்ந்தது. உச்சியில் ஒருவர் புகையைத் தேடுவது நகரத்தின் குழாய்த் தண்ணீருக்காகவும்தான்.

இன்று கேமராவும் செயற்கைக்கோளும் வந்துவிட்டன, வரவேற்போம். ஆனாலும் ஒரு மலையை நாள்தோறும் பார்த்துப் பழகிய மனிதரை இழந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மலையேறப் போகிறவர்களும் இந்தக் காவலில் பாதிப் பங்கு ஏற்க வேண்டும். சமைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்த பிறகே இடத்தைவிட்டு நகருங்கள். நம் மலைகளுக்கும் இது பொருந்தும்.

(தொடரும்)