படம் ஆடினால் பணம் யாருடையது?

ஆன்டெனாக் காலத்து ஆனையூரைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாடிக் கம்பிகளெல்லாம் கொடைக்கானல் மலையைப் பார்த்தே நின்றன. தூர்தர்ஷன் கோபுரம் அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் படம் ஆடினால் மாடியில் ஒருவர், கீழே ஒருவர். "வந்துச்சா?" "இன்னும் கொஞ்சம் திருப்பு!"

காற்று ஆட்டிய கம்பியைத் திருப்பி வைத்தோம். காற்றாலை ஆட்டும் படத்தை எந்தக் கம்பியால் திருத்துவது?

மேசை விசிறிக்கு முன்னால் சிறுவன் பேசினால் குரல் வெட்டி வெட்டி வருகிறதல்லவா? அதே கதைதான். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்று. சுழலும் இறக்கையில் பட்டுச் சற்றே தாமதித்து வரும் அலை இன்னொன்று. இரண்டும் கலந்தால் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிழலாக இன்னொரு கதாநாயகன்! இறக்கை சுழலச் சுழலப் படம் துடிக்கும். உலோக இறக்கை என்றால் தொல்லை அதிகம். கண்ணாடியிழை என்றால் குறைவு; அறவே இல்லை என்பதற்கில்லை.

அமெரிக்காவில் பிளாக் தீவில் 1979இல் 200 கிலோவாட் காற்றாலை நிறுவப்பட்டபோது இதுதான் பிரச்சினை. சென்குப்தா, சீனியர் என்ற இரு அறிஞர்கள் அலைகளை அளந்து காட்டினர். தீவின் வீடுகளுக்குக் கேபிள் இணைப்பு கொடுக்கப்பட்டது. பிரிட்டனிலோ, படம் கெட்டால் காற்றாலை அமைப்பவரே சரிசெய்து தரவேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் உண்டு.

காற்றாலைக்கு நாம் பகைவர்களா? இல்லை! 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கி, கயத்தாறு, முப்பந்தல், ஆண்டிப்பட்டி என்று பரவிய காற்றாலைகளின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தமிழகத்துக்கு அது பெருமை. 'ஏழைக்கு எதற்குப் படம்?' என்று கேட்பவர்களோடுதான் நம் வழக்கு. 2006இல் கழக ஆட்சி இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது ஏளனம் செய்த வாய்களும் அவைதாம்.

தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு 2022க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. வானத்தைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு, குறுக்கே இறக்கை வராதவரை, தொல்லையில்லை. ஆனால் வழக்கு முடியவில்லை. மழையையும் புயலையும் பார்க்கும் டாப்ளர் ராடாருக்கு, சுழலும் இறக்கையும் நகரும் மழைமேகம் போலத் தோன்றக்கூடும். மன்னார் வளைகுடாக் கடலில் காற்றாலை நடும் திட்டம் பேசப்படுகிறது. அங்கே படகேறுகிற மீனவனுக்குப் புயல் எச்சரிக்கை பொழுதுபோக்கல்ல, உயிர். ராடாருக்கு இடையூறு வருமா என்று முன்கூட்டியே அளக்கட்டும். வந்தால் தீர்க்கும் செலவு யாருடையது என்பதை அனுமதித் தாளில் எழுதிவிட்டு, அதன்பின் அடிக்கல் நாட்டட்டும்.