‘சின்ன மாமியே’ பாட்டை எழுதியது யார்?

மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு சின்ன கலைநிகழ்ச்சி. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு மொழியில் ஒரு பாட்டு பாட வேண்டுமாம். படிவத்தில் மூன்று கட்டங்கள்: பாட்டின் பெயர், மொழி, எழுதியவர் – இசையமைத்தவர்.

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், வீட்டில் தமிழும் கொஞ்சம் அடமும். அவள் தேர்ந்தெடுத்தது ‘சின்ன மாமியே’. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். முதல் இரண்டு கட்டங்களை உடனே நிரப்பினேன். மூன்றாவதில் கொஞ்சம் யோசித்துவிட்டு பிரெஞ்சில் ‘மரபுப் பாடல்’ என்று எழுதினேன். நாட்டுப்புறப் பாட்டுதானே, யார் எழுதினால் என்ன என்ற நினைப்பு.

அன்று சாயங்காலம் மூன்றாம் மாடி அங்கிளிடம் பெருமையாகப் படிவத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“தம்பி, இது நித்தி கனகரத்தினத்தின்ர பாட்டு. மனுசன் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினது. நீங்கள் என்னண்டா பாட்டன் பூட்டன் காலத்துப் பாட்டெண்டு எழுதி வச்சிருக்கிறியள்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். இலங்கை வானொலி எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி இருந்ததாக அப்பா சொல்வார். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வார். ‘சின்ன மாமியே’வை முணுமுணுத்தபடியே சவரம் செய்வார். அது யார் பாட்டு என்று கேட்டால் “சிலோன் மனோகர்” என்பார். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு இசைச் செயலியில் தேடினால் அங்கேயும் குழப்பம்தான். நாலைந்து பேர் குரலில் இருக்கிறது, சிலவற்றில் எழுதியவர் பெயரே இல்லை.

நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களின் பிற்பகுதியில் ஈழத்தில் ‘துள்ளிசை’ என்றும் ‘பொப்பிசை’ என்றும் அழைக்கப்பட்ட புது வகைப் பாட்டு கிளம்பியபோது, அதை முன்னால் நின்று தொடங்கியவர்களில் ஒருவர். ‘தமிழ்ப் பொப்பிசையின் தந்தை’ என்று ஈழத்தவர்கள் சொல்வது இவரைத்தான். பாட்டு அவருக்குப் பிழைப்பு அல்ல. வேளாண்மைத் துறையில் படித்து, கற்பிக்கும் வேலை பார்த்தவர். பிறகு ஆஸ்திரேலியாவில் மெல்பர்னுக்குப் போனார். அங்கேயிருந்தும் மற்ற நாடுகளின் தமிழ் மேடைகளிலும் பல பத்தாண்டுகள் பாடினார். பின்னால் பெரிய கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. இன்றைக்கு ‘இண்டி’ என்று நாம் ஸ்டைலாகச் சொல்வதை அந்தப் பெயர் வருவதற்கு முன்பே செய்தவர்.

அந்தக் காலத்தில் தமிழ் விழா மேடை என்றால் சினிமாப் பாட்டுதான். சென்னையிலிருந்து வந்த மெட்டு, சென்னையிலிருந்து வந்த தமிழ். அதற்கு நடுவில் ஒரு இளைஞன் கிட்டாரோடு வந்து, ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று பேசுகிற பேச்சையே பாட்டாக்கினான். ‘சின்ன மாமியே’வில் நடப்பது என்ன? ஒரு மருமகன் மாமியிடம் வந்து அவளுடைய மகள் எங்கே என்று விசாரிக்கிறான், மாமி பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். ஒரு சின்ன நாடகம்.

இங்கே என்னைப் போன்ற தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் ‘மாமி’ என்றால் மடிசார் நினைவுக்கு வரும். அதனால் கல்லூரி விடுதியில் இந்தப் பாட்டை நாங்கள் ஒரு மாதிரியான கேலிப் பாட்டாகவே பாடித் தொலைத்தோம். யாழ்ப்பாணத்தில் மாமி என்பது அப்பாவின் சகோதரி, அல்லது மாமாவின் மனைவி. அவள் மகள் அவனுக்கு முறைப்பெண். கேட்கிறவனுக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமையில் ஒரு பதற்றமும் இருக்கிறது. முறைப்பெண் படிக்கப் போகிற காலம் வந்துவிட்டது, பழைய முறை இனி செல்லுமா என்று அவனுக்கே சந்தேகம். இதைப் புரிந்துகொண்டு கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்த இடத்தில் கொஞ்சம் வலித்தது.

தாளமும் அப்படித்தான். கேட்டதும் கால் ஆடுகிற அந்தத் துள்ளல் பைலாவின் துள்ளல். போர்த்துக்கீசியர்களும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களும் இலங்கையில் விட்டுப்போன இசையிலிருந்து முளைத்தது பைலா. வாலி பஸ்தியன் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். 1956இல் ஹாரி பெலஃபோன்டேயின் கலிப்சோ ஆல்பம் உலகம் முழுக்கப் பரவியபோது இலங்கை இளைஞர்கள் கையில் கிட்டார் வந்தது. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன போன்றவர்கள் கிளம்பினார்கள். தமிழில் நித்தியும், ஏ.ஈ.மனோகரனும், திருகோணமலையின் பரமேஸ் – கோணேஸ் சகோதரர்களும் இன்னும் பலரும். ‘சின்ன மாமியே’வைச் சிங்களவர்களும் சுற்றுலா பஸ்களில் பாடுவார்கள் என்று அங்கிள் சொன்னார். தீவின் இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து கைதட்டிய தமிழ்ப் பாட்டுகள் எத்தனை இருக்கும்?

அவருடைய இன்னொரு பாட்டு ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’. குடிக்கப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. நம் விழாக்களில் அது எப்போது போடப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். சரியாக மூன்றாவது ரவுண்டில். எல்லோரும் கையில் கிளாஸோடு ஆடுவார்கள். எழுதியவர் பார்த்தால் சிரிப்பாரா, தலையில் அடித்துக்கொள்வாரா?

இப்படிப்பட்டவர் பெயர் ஏன் என் அப்பாவுக்குத் தெரியவில்லை? மனோகரனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ‘சுராங்கனி’யைப் பிரபலமாக்கினார், சென்னைக்கு வந்தார், ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் சினிமாவில் நடித்தார். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் சுராங்கனி வந்ததும் அது நம் ஊர்ப் பாட்டாகவே ஆகிவிட்டது. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது செய்திகள் வந்தன. அவருக்கு அது தகும். தமிழ்நாட்டில் நாம் செய்த தப்பு, கடல் தாண்டி வந்த எல்லாப் பாட்டையும் ‘சிலோன் பாட்டு’ என்று ஒரே மூட்டையில் கட்டியது. சினிமாவில் முகம் காட்டியவருக்கு மொத்த மூட்டையும் போய்விட்டது.

ஈழத்தவர்கள் பக்கத்தில் காரணம் வேறு. போர் வந்தது. வீட்டை விட்டு ஓடுகிறவன் இசைத்தட்டையா தூக்கிக்கொண்டு ஓடுவான்? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காக்கும் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்களைப் பற்றி இங்கே எல்லோரும் படித்திருப்போம். அப்படி வந்தவர்கள் கையில் என்ன இருந்திருக்கும்? பாட்டு தலைக்குள் வந்தது. தலைக்குள் வருகிற பாட்டுக்கு உறை கிடையாது, உறையில் அச்சடித்த பெயரும் கிடையாது. பிறகு கேசட்டுக்குக் கேசட் பிரதி எடுத்தோம், கல்யாண வீடியோவில் போட்டோம், டிஜேயிடம் பென்டிரைவில் கொடுத்தோம். ஒவ்வொரு கை மாறும்போதும் பெயர் உதிர்ந்தது.

“பாட்டு நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஆகிவிட்டதே, அதுதானே பெரிய கௌரவம்?” என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எழுதும் புரோகிராமில் ஒரு வரியை யார் எந்தத் தேதியில் மாற்றினார் என்று ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். யாருமே படிக்காத வரிக்கு அந்த மரியாதை. லட்சம் பேர் பாடும் வரிக்கு இல்லையா?

இதே மாண்ட்ரியலில் ஒரு உதாரணம் இருக்கிறது. கேட், ஆனா மெக்காரிகிள் சகோதரிகள். ஆனா எழுதிய ‘ஹார்ட் லைக் எ வீல்’ பாட்டை அமெரிக்காவின் லிண்டா ரான்ஸ்டாட் 1974இல் பாடி, அதையே ஆல்பத்துக்கும் தலைப்பாக வைத்தார். பாட்டு இன்னொருவர் குரலில்தான் பரவியது. ஆனால் எழுதியவர் பெயர் கூடவே போனது. அதற்குப் பிறகுதான் சகோதரிகளின் சொந்த முதல் ஆல்பமே வந்தது. கடைசிவரை பெரிய நட்சத்திரங்கள் ஆகவில்லை, ஆனாலும் இந்த ஊர் அவர்களைப் பெயர் சொல்லித்தான் பேசுகிறது.

நாமும் பெயர் சொல்லத் தெரியாதவர்கள் இல்லை. 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்த பிறகு, ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை என்றதும் எத்தனை பேர் கொதித்தோம்! நானும் நாலு பதிவு போட்டேன். பத்திரிகை பிறகு அறிவுக்கும் ஒரு அட்டை வெளியிட்டது. அந்தக் கோபம் நியாயமானது. அதே நான்தான் மூன்றாவது கட்டத்தில் ‘மரபுப் பாடல்’ என்று எழுதினேன்.

கனடாவில் பொது இடத்தில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தொகை வசூலித்துக் கொடுக்க ‘சோக்கன்’ என்ற அமைப்பு இருக்கிறது. நம் மண்டபங்களில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று பேச ஆரம்பித்தால் சண்டை வரும், விடுங்கள். காசு கூட அப்புறம். அடுத்த முறை டிஜே இந்தப் பாட்டைப் போடும்போது மைக்கில் ஒரு தடவை பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் விவரத்தில் ஒரு வரி சேருங்கள். பத்து வினாடி வேலை.

மறுநாள் ஷெர்ப்ரூக் தெருவில் 105ஆம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றபோது மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். “அந்தத் தாத்தா எங்கே இருக்கிறார்?” என்றாள். ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் என்றேன். “அவருக்கு நிஜமாவே சின்ன மாமி இருந்தாங்களா?” என்றாள். அங்கிளைத்தான் கேட்க வேண்டும்.

ஆசிரியையிடம் வேறு படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, அச்சில் தப்பு வராமலிருக்க ஒருமுறை சொல்லிக்காட்டச் சொன்னார். இரண்டு முறை சொன்னேன். நிகழ்ச்சி நிரல் வந்தபோது பார்த்தோம். மற்ற எல்லாப் பாட்டுக்கும் ஒரு வரி, எங்களுக்கு மட்டும் பெயர் நீளமாக இருந்ததால் இரண்டு வரி. அங்கிள் அதைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.