நிறம் பொய்யாத் திரை

பொன்னின் மாற்றறிய விழைவோன் உரைகல்லை நாடுகின்றான். பொருளின் நிறையறிய விழைவோன் துலாக்கோலை நாடுகின்றான். உரைகல் பழுதுற்றும் துலாக்கோல் சாய்ந்தும் இருப்பின், கொடுப்போனும் கொள்வோனும் ஒருங்கே ஏமாற்றமுறுவர். இக்காலத்தில் ஓவியம் தீட்டுவோர்க்கும், நிழற்படம் திருத்துவோர்க்கும், நூலட்டை அமைப்போர்க்கும் உரைகல்லாய் நிற்பது கணினித் திரையேயாம். மானிட்டர் என வழங்கும் அத்திரை காட்டும் நிறத்தை நம்பியே அவர்தம் கை இயங்குகின்றது. திரை பொய் கூறின் கை பிழைபடும். ஆயினும் பிழை கையினது என்றே உலகம் பழிக்கும். ஆதலின், மிகுபொருள் செலவிட இயலாத மாணவர் நிறத்தை உள்ளவாறு காட்டும் திரையொன்றைத் தேர்ந்துகொள்ளும் நெறி யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது சென்ற ஆண்டு நேர்ந்ததொரு நிகழ்ச்சியாகும். எம்முடன் பயிலும் நண்பர் ஒருவர், அந்திப்பொழுதில் ஆலயக் கோபுரம் தோன்றும் காட்சியை நீர்வண்ணத்தில் தீட்டித் தந்தார். அதனை ஒரு விழா மலரின் மேலட்டையாக்கும் பொறுப்பு எம்பால் விடப்பட்டது. ஓவியத்தை ஸ்கேனர் வழியாக மடிக்கணினியில் ஏற்றினோம். திரையில் வானத்தின் செவ்வொளி மங்கித் தோன்றிற்று. யாம் அதனை மேலும் மேலும் ஏற்றினோம். படம் முழுவதும் வெளிறித் தோன்றிற்று; யாம் அதனைச் சிறிது கருக்கினோம். இறுதியில் திரையிற் காண மிக அழகாகவே இருந்தது. அச்சாகி வந்தபோதோ, வானம் குருதி தோய்ந்ததுபோலவும் கோபுரம் கரிபடிந்ததுபோலவும் காணப்பட்டன. 500 படிகளும் முற்றுப்பெற்றுவிட்டமையின் மாற்ற வழியில்லை. நண்பர் ஒரு படியைக் கையிலெடுத்து நெடுநேரம் நோக்கி, "இஃது என் வானம் அன்று" என்று மட்டும் கூறி அகன்றார். அச்சகத்தாரைக் குறைகூற முதலில் எண்ணினோம். பின்னர் நோக்குமிடத்து, யாம் அனுப்பிய கோப்பினையே அவர் அச்சிட்டிருந்தனர். பொய்த்தது எமது திரை. அதனை வினவாது நம்பினோம் என்பதே எமது குற்றம்.

திரை எங்ஙனம் பொய்க்கின்றது? திரையிலுள்ள ஒவ்வொரு நுண்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவொளியால் ஆயது. ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள் உளவாக, அவை ஒன்றோடொன்று கலந்து 1,67,77,216 நிறங்கள் பிறக்கின்றன. இத்தொகையினைக் கண்டு மயங்குதல் கூடாது. எத்துணைப் படிகள் உள என்பது வேறு. அப்படிகளின் உச்சியில் நிற்கும் சிவப்பு எத்தகைய சிவப்பு என்பது வேறு. ஒரு திரையின் சிவப்பு மாதுளம்பூவை ஒப்ப, மற்றொன்றின் சிவப்பு காவிக்கல்லை ஒக்குமாயின், ஒரே எண்ணைக் கொண்ட ஒரே கோப்பு இரண்டிலும் இருவேறு படங்களாகவன்றோ தோன்றும்?

இவ்வேறுபாட்டை நீக்கவேண்டி அறிஞர் பொதுவானதோர் அளவையை வகுத்தனர். இங்கிலாந்தில் ரைட், கில்டு என்னும் இருவர் மக்களின் கண்ணுணர்வைக் கொண்டு தனித்தனியே நிகழ்த்திய சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு, சி.ஐ.இ. என்னும் பன்னாட்டுக் குழுவினர் 1931-இல் நிறங்களை எண்ணால் குறிக்கும் முறையை நிறுவினர். அம்முறையின் வழியே 1996-இல் ஹெச்.பி., மைக்ரோசாப்ட் என்னும் இரு நிறுவனத்தார் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறவெல்லையை முன்மொழிந்தனர். 1999-இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. திரையின் மூவொளியும் வெண்மையும் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதனை அது வரையறுக்கின்றது. கண் காணவல்ல நிறப்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினையே அது தழுவுவதாயினும், இணையத்தில் உலவும் படங்களிற் பெரும்பாலன அதனையே அளவையாகக் கொண்டுள்ளன. ஆதலின், மாணவர் வாங்கும் திரை எஸ்.ஆர்.ஜி.பி. எல்லையை நூற்றுக்கு நூறோ, அதற்கு மிக அணுக்கமாகவோ தழுவுதல் வேண்டும் என்பது முதல் விதியாகும்.

இவ்விடத்தில் விளம்பரச் சொற்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. சில திரைகளின் குறிப்பில் என்.டி.எஸ்.சி. 45 விழுக்காடு என்றும், வேறு சிலவற்றில் 72 விழுக்காடு என்றும் எழுதியிருப்பக் காணலாம். என்.டி.எஸ்.சி. என்பது 1953-இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கென வகுத்த பழைய எல்லை. அதன் பரப்பில் 72 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி.யின் பரப்புக்கு ஏறத்தாழ நிகராகும். எனவே 45 எனக் குறித்த திரை, எஸ்.ஆர்.ஜி.பி. பரப்பில் ஐந்தில் மூன்று பங்களவே காட்டவல்லது. எமது மடிக்கணினித் திரை அவ்வகையினதே. அது காட்டமாட்டாத செவ்வொளியை வலிந்து காட்டச் செய்தோம். அதன் பயனே குருதி தோய்ந்த அவ்வானம்.

எல்லை குறுகியது தீதெனின், விரிந்தது நன்றாமோ எனச் சிலர் வினவலாம். 1998-இல் வெளிவந்த அடோபி ஆர்.ஜி.பி. எல்லை பச்சை, நீலப்பச்சை நிறங்களில் எஸ்.ஆர்.ஜி.பி.யினும் அகன்றது, திரைப்படத்துறைக்கென அமைந்த டி.சி.ஐ.-பி3 எல்லையும் அதனினும் விரிந்ததே. உயர்தர அச்சு வேலையிலும் திரைப்பட வேலையிலும் இவை பயன்படுவன. ஆயின், அகன்ற எல்லையுடைய திரையை நெறிப்படுத்தாது வைத்துக்கொள்ளின், எளிய எஸ்.ஆர்.ஜி.பி. படமும் அதில் மிகைச் சிவப்பும் மிகைப் பச்சையுமாய்த் தோன்றும். அதனைக் கண்டு நிறத்தைக் குறைப்பவன், ஏனையோர் திரையில் வாடிய படத்தையே காட்டுவான். குறுகிய திரை எம்மை மிகைக்கச் செய்தது. அகன்ற திரை குறைக்கச் செய்யும். இரண்டும் பொய்யே. ஆதலின், அகன்ற திரையை வாங்குவோர், அதனை எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்குள் நிறுத்தும் அமைப்பு அதன்கண் உண்டா என முன்னரே உசாவியறிதல் நன்று.

அடுத்து நோக்கற்பாலது திரைப்பலகையின் வகை. பேனல் எனப்படும் இது பெரும்பாலும் டி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். என மூவகைப்படும். டி.என். வகை விலை குறைந்தது. ஆனால் சிறிது மேலிருந்தோ கீழிருந்தோ நோக்கின் நிறம் திரிந்துபோம். வி.ஏ. வகை கருமையை ஆழமாகக் காட்டும். பக்கத்திலிருந்து நோக்கும்போது இருண்ட பகுதிகளின் வேறுபாடு மாறும். ஐ.பி.எஸ். வகையில் கருமை சற்றே சாம்பல் பூத்ததுபோல் இருப்பினும், எப்பக்கத்திருந்து நோக்கினும் நிறம் பெரிதும் திரிவதில்லை. நிறவேலை செய்வோர்க்கு இதுவே ஏற்றது. கடைக்குச் செல்வோர் சாம்பல் நிறப்படம் ஒன்றையும், தமக்கு நன்கு பழகிய முகம் அமைந்த நிழற்படம் ஒன்றையும் பென்டிரைவில் எடுத்துச் செல்க. திரையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் சாம்பல் ஒரே தன்மைத்தாக உள்ளதா, ஒருபுறம் செம்மையோ பச்சையோ பாய்கின்றதா என நோக்குக. கடைகளில் கண்ணைக் கவரவேண்டித் திரைகளை மிகை ஒளியில் வைத்திருப்பராதலின், எஸ்.ஆர்.ஜி.பி. அமைப்பிற்கு மாற்றிய பின்னரே சோதித்தல் வேண்டும்.

எல்லை அகலத்தைக் கூறுகின்றது. துல்லியத்தைக் கூறுவது டெல்ட்டா ஈ என்னும் எண். ஈ என்பது உணர்ச்சியைக் குறிக்கும் எம்ப்ஃபிண்டுங் என்னும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. காட்டவேண்டிய நிறத்திற்கும் காட்டிய நிறத்திற்கும் இடையேயுள்ள தொலைவை அது குறிக்கும். 1976-இல் இதற்கெனத் தந்த வாய்பாடு 2000-ஆம் ஆண்டில் திருத்தமுற்றது. தொலைவு ஏறத்தாழ 1 எனின், கூர்ந்த கண்ணும் அரிதின் உணரும். 2-க்குக் குறைவாயின் பெரும்பாலான வேலைக்குப் போதும். 5-ஐக் கடந்தால் பழகாத கண்ணும் வேறுபாட்டை எளிதில் உணரும். சில திரைகள் தொழிற்சாலையிலேயே அளந்து திருத்தப்பெற்று, அவ்வளவுத்தாளுடன் வருகின்றன. அத்தாளில் சராசரி மட்டும் குறித்துள்ளதா, மிகுதியான பிழையும் குறித்துள்ளதா என நோக்குவது அறிவுடைமை. சராசரியின் நிழலில் ஒரு நிறத்தின் பெரும்பிழை ஒளிந்திருத்தல் கூடும்.

இனி, எதற்குப் பொருள் செலவிட வேண்டா என்பதும் அறியத்தக்கது. ஒரு நொடியில் 144 முறை புதுப்பிக்கும் வேகம் விளையாட்டினர்க்கு இன்பம் பயக்கும். அசைவற்ற படத்திற்கு அதனாற் பயனில்லை. வளைந்த திரையில் நேர்கோட்டை மதிப்பிடுதல் அரிது. 24 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகளும், 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 புள்ளிகளும் அமைந்திருப்பின் போதும். சான்றாக, ஆசுஸ் நிறுவனத்தாரின் புரோஆர்ட் வரிசையிலுள்ள பிஏ248கியூவி என்பதனைக் கூறலாம். 24.1 அங்குலமும், 1920-க்கு 1200 புள்ளிகளும், ஐ.பி.எஸ். பலகையும், எஸ்.ஆர்.ஜி.பி. நூறு விழுக்காடும், டெல்ட்டா ஈ 2-க்குக் குறைவும் உடையதென அதன் குறிப்புக் கூறும். இதனையே வாங்குக என்பது எம் கருத்தன்று; குறிப்பை எவ்வாறு படிப்பது என்பதற்கே இதனைக் காட்டினோம். பழைய திரையை வாங்குவோர் அது எத்தனை மணி நேரம் எரிந்தது என வினவுதல் வேண்டும். நாட்பட நாட்பட அதன் ஒளி குன்றி நிறமும் மாறுதல் இயல்பு.

நல்ல திரையும் காலத்தால் வழுவும். ஆதலின், அதனை அளந்து திருத்தும் சிறு கருவியொன்று வேண்டும். டேட்டாகலர் நிறுவனத்தாரின் ஸ்பைடர் முதலியன இத்தகையன. கருவியைத் திரைமேல் தொங்கவிட, அது ஒவ்வொரு நிறத்தையும் அளந்து, திரையின் பிழையைக் குறித்த கோப்பொன்றை உண்டாக்கும். 1993-இல் தோன்றிய ஐ.சி.சி. என்னும் குழுவினர் வகுத்த முறையில் அக்கோப்பு அமைவதால், படவேலைக்கான மென்பொருள்கள் அதனைப் படித்து நிறத்தை ஈடுசெய்கின்றன. கிரேம் கில் என்பார் இயற்றிய ஆர்கில் என்னும் மென்பொருளை விலையின்றியே பெறலாம். கருவிக்கு மட்டும் பொருள் வேண்டும். ஆயின் அதனை மாதம் ஒருமுறை எடுப்பதே போதுமாதலின், ஒரு விடுதியினரோ ஒரு துறையினரோ கூடி ஒன்றை வாங்கிப் பலர் பயன்கொள்ளலாம். அளக்குமுன் திரையை அரைமணி நேரம் எரியவிடுக. ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும்: கருவி பிழையைத் திருத்துமேயன்றி, திரையில் இல்லாத நிறத்தைப் படைத்துத் தாராது.

திரையைச் சூழ்ந்த ஒளியும் கருதத்தக்கது. எம் படம் கருத்து அச்சானதற்குக் காரணம், திரையை முழு ஒளியில் வைத்து வேலை செய்தமையே. திரை மிக விளங்கினால், படத்தைக் கருக்கவே கை செல்லும். அச்சு வேலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா அளவு ஒளி ஏற்றது. கருவி இல்லாதார், திரையில் வெண்பக்கம் ஒன்றைத் திறந்து, அருகே நல்ல ஒளியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்து விளங்குமாறு ஒளியைக் குறைப்பாராக. சாளரத்தின் வெயில் திரைமேல் விழலாகாது. சுவர் ஆழ்ந்த நிறத்ததாக இருத்தலும் நன்றன்று. இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை வேலை நேரத்தில் அணைத்துவிடல் வேண்டும்.

இவையெல்லாம் செய்தும், திரை ஒளியால் நிறம் காட்டுவது, தாள் மையால் நிறம் காட்டுவது என்னும் வேறுபாடு ஒழியாது. திரையின் பல நிறங்களை அச்சுமை எட்டமாட்டாது. ஆதலின், அச்சகத்தாரின் நிறக்கோப்பினைக் கேட்டுப் பெற்றுத் திரையிலேயே முன்னோட்டம் பார்த்தலும், முழுப்படிகளையும் அச்சிடுமுன் ஒரு மாதிரிப்படி எடுத்து மூல ஓவியத்தோடு வைத்து ஒப்பிடுதலும் இன்றியமையாதன. ஒரு மாதிரிப்படிக்குரிய சிறு பொருளைச் சேமிக்க எண்ணியே யாம் 500 படிகளை இழந்தோம்.

ஆகவே, முதலில் எஸ்.ஆர்.ஜி.பி. எல்லை, அடுத்து ஐ.பி.எஸ். பலகை, அதன்பின் டெல்ட்டா ஈ, பின்னர் அளவைக்கருவி, இறுதியில் அளவும் வேகமும் என்னும் முறையிற் பொருளைப் பங்கிடுவோர் சிறு தொகையிலும் நல்ல திரையைப் பெறலாம். கள்ள அளவையைத் திருமறை வெறுக்கின்றதென்பதை இளமைமுதல் கேட்டிருக்கின்றோம். அஃது அங்காடியின் தராசுக்கு மட்டுமே உரியது என எண்ணியிருந்தோம்; பிறருடைய உழைப்பைக் கையேற்று அதனை உலகிற்குக் காட்டும் எவர்க்கும் உரியதே என இப்போது உணர்கின்றோம். யாம் சிலர் கூடிப் பொருள் சேர்த்து, மேற்கூறிய முறையில் ஒரு திரையும் ஒரு கருவியும் இவ்வாண்டு வாங்கியுள்ளோம். அந்நண்பர் மனமுவந்து மீண்டும் ஓர் ஓவியம் தந்துள்ளார். அதனை அச்சுக்கு விடுமுன், மாதிரிப்படியை அவர் கையிலேயே முதலிற் கொடுப்போம். அவ்வானம் தமதே என அவர் கூறிய பின்னரே அச்சுப்பொறி இயங்கும்.