ஆந்தைக்கண் அணு

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பல்லில் சீழ் பிடித்தால் கழுத்தில் நெறி கட்டும். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமிகளோடு போரிடுவதே இதற்குக் காரணம். புண் ஆறியதும் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் வலியின்றித் தோன்றி, வாரக்கணக்கில் வடியாமல் பெருக்கும் வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது. அது ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம்.

லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் இந்நோயை விவரித்தார். ஆனால் காசநோயிலும் கழுத்துக் கணுக்கள் வீங்குமே! இரண்டையும் பிரித்தறிவது எப்படி? 1898-இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் இக்கணுக்களில் பேரணுக்களைக் கண்டார். எனினும் இது காசநோயின் ஒரு வகையே என்று கருதினார். 1902-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மருத்துவப் பட்டம் பெற்று இரண்டே ஆண்டுகளான டாரதி ரீட் என்னும் பெண்மணி அவ்வணுக்களைத் தெளிவாக விளக்கி, இது காசநோயன்று, தனி நோயே என்று எடுத்துக்காட்டினார். இருவர் பெயராலும் அது 'ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு' எனப்படுகிறது.

அதைக் காண்பது எவ்வாறு? வீங்கிய கணுவை அறுத்தெடுத்து, பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றுவர். நுண்ணோக்கியில் அணுக்களின் உட்கருக்கள் நீலமாகத் தெரியும். அவற்றிடையே மிகப் பெரிய அணு ஒன்று. அதில் இரண்டு உட்கருக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிர்வளையம் சூழ்ந்த சிவந்த மணி. ஆந்தை நம்மை உற்று நோக்குவது போலிருக்கும்!

தோழியரே, வியப்பு இதுதான்: அந்த வீக்கத்தில் புற்றணுக்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றே இருக்கும். மற்றவை அதைச் சூழ்ந்து திரண்ட சாதாரண வெள்ளணுக்கள். வேறு சில நோய்களிலும் இதைப் போன்ற அணுக்கள் தோன்றுவதுண்டு. ஆகவே மருத்துவர் ஆந்தையை மட்டுமன்றி அது அமர்ந்திருக்கும் தோப்பையும் ஆராய்வார். இன்று சி.டி.30, சி.டி.15 என்னும் புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயங்களும் துணைபுரிகின்றன. நோயைச் சரியாக அறிந்து மருந்தும் கதிர்வீச்சும் அளித்தால் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

பெண் என்பதால் அங்கே தமக்கு உயர்வில்லை என்றறிந்த ரீட், அப்பணியை விட்டு விலகினார். ஆயினும் சோர்ந்துவிடவில்லை, பின்னாளில் விஸ்கான்சினில் தாய்சேய் நலத்துக்காக உழைத்தார். இறைவன் தந்த கண்களோடு பொறுமையும் சேர்ந்தால் நூற்றில் ஒளிந்த ஒன்றையும் காணலாம் என்பதை அவரிடம் கற்போம்.